செத்தவனுக்குக் கல்யாணம்

ஏம்மா,

அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. சூப் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

நாலு மணிக்குப் பழைய இசைத்தட்டுக் கடைக்காரர் வருவார். நேற்று நீ சிரித்த கோபத்தில் விற்றுவிடுவதாகச் சொன்னேனே, பாட்டாலேயே கதை சொல்லும் அந்த இரண்டு தட்டு ராக் ஓபரா ஆல்பத்தைக் கொடுத்துவிடாதே! காலையில்தான் லேபிளைப் படித்தேன். முதல் தட்டின் பின்னால் இருப்பது கடைசியான நான்காம் பக்கமாம். இரண்டும் மூன்றும் அடுத்த தட்டில். பத்து வருஷமாக முதல் தட்டை அப்படியே திருப்பிப் போட்டு, நான் ஹீரோவைச் சாகடித்துவிட்டுத்தான் கல்யாணம் செய்து வைத்திருக்கிறேன்.

"செத்தவனுக்கு எப்படிங்க கல்யாணம்?" என்று நீ கேட்டபோதெல்லாம், "அது ஆன்மாவோட கல்யாணம், உனக்குப் புரியாது" என்று அளந்தேனே!

சிரிக்காதே.

பி.கு.: சரி, சிரித்துக்கொள். ஆனால் நான் வரும்வரை தட்டைத் தொடாதே. இன்றைக்காவது அவன் கல்யாணத்தை முதலில் பார்ப்போம். சாவுக்குச் சேர்ந்து அழலாம்.