பிரிண்டில் குடும்பத்தைப் போகச் சொன்ன ஊர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் இரவுச் சாப்பாட்டில் மூன்று பேர். அப்பா, நான், சைலஸ் பிரிண்டில். எங்கள் வம்சத்து மூத்தவரான சைலஸ் செத்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் மேஜையில் அவரைப் பற்றித்தான் பேச்சு. உயிரோடு இருக்கிற நான் பீன்ஸ் டப்பாவைத் திறந்து சூடாக்கி வைத்தேன்.

"சைலஸோட மகன் ரூஃபஸ் இந்த ஊர்ல 1779ல பொறந்ததுக்கு ஆதாரம் இருக்கு பெல். ஆனா சைலஸ் எப்ப வந்தார்? அதுதான் சிக்க மாட்டேங்குது."

"பனியில வண்டி மாட்டியிருக்கும். அதான் லேட்டு."

அப்பா சிரிக்கவில்லை. அவர் ஊருக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். வண்டி மாட்டுவது அவருக்கு ஜோக் இல்லை.

வரும் ஜூனில் எங்கள் ஊருக்கு 260 வயது. ஊர்வலத்தின் முதல் குதிரை வண்டியில் முதற்குடிகள் சங்கத்தார் மட்டும்தான் ஏறலாம். அமெரிக்கா பிரிட்டிஷ் ராஜாவோடு சண்டைக்குப் போன 1775க்கு முன்னாலேயே நம் முன்னோர் இங்கே குடியிருந்தார்கள் என்று காட்டினால் சங்கத்தில் இடம். அப்பாவுக்கு அந்த வண்டியில் ஏற வேண்டும். மாசசூசெட்ஸ் மலைச்சரிவில் எத்தனையோ சின்ன ஊர் இருக்கிறது, அதில் ஒன்று இது. இதன் ரோட்டை இருபது வருடமாகச் சுத்தம் செய்கிறவருக்கு ஒரு நாளாவது ரோட்டின் நடுவில் உட்கார்ந்து போக ஆசை. நியாயம்தான்.

மார்ச் 12, புதன்

இன்று எனக்குப் பதினாறு. 1768ல் இதே தேதியில் பக்கத்து ஊரில் யாரோ ஒரு பசுவை விற்றார்களாம். அப்பா சொன்னார். பசுவுக்கு என் வாழ்த்துகள்.

மார்ச் 13, வியாழன்

தம்பி ஜோனா டூசானிலிருந்து போன் செய்து பிறந்தநாள் பாட்டுப் பாடினான், ஒரு நாள் தாமதமாக. அங்கே இப்போதே வெயிலாம். அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு அரிசோனா போய் ஒன்றரை வருடம். நான் பள்ளியை விட்டு வரமாட்டேன் என்று இங்கேயே நின்றுவிட்டேன். என் கிளாஸில் மொத்தமே பதினொரு பேர். நான் உள்ளே நுழைந்தால் "பெல் வந்தாச்சு, கிளாஸ் முடிஞ்சாச்சு" என்பார்கள். முழுப்பெயர் மெஹிட்டபெல் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த ரகசியம் என்னோடு சாகட்டும். மலைக் கல்லறையில் ஒரு சாய்ந்த கல்லில் பார்த்த பெயரைத்தான் அப்பா எனக்கு வைத்தார். மற்றவர்கள் குழந்தைக்குப் பெயர் தேடப் புத்தகம் வாங்குவார்கள், இவர் கல்லறைக்குப் போயிருக்கிறார்.

மார்ச் 19, புதன்

பொறுக்க முடியவில்லை. அப்பாவின் வம்சப் படத்தில் ஒரு மூலையில், பழைய கையெழுத்து மாதிரி வளைத்து எழுதி, ஓர் ஆளைச் சேர்த்தேன். அந்தக் காலத்தில் பெண்களுக்குப் பொறுமை, நன்றி, மௌனம் என்றெல்லாம் பெயர் வைப்பார்கள். என் ஆள் — "மௌனம் பிரிண்டில். தேவாலயத்தில் ஓயாமல் பேசியதற்கு இருமுறை அபராதம்."

சாயங்காலம் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன்.

"இதுக்கு ஆதாரம் எங்க?"

"நான்தாம்பா ஆதாரம். அந்த ரத்தம்தான ஓடுது!"

ரப்பரை எடுத்து அழித்தார். தூசியை ஊதினார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம் இல்லையா? ஒரு தட்டாவது தட்டியிருக்கலாம். மௌனம் போனாள், வீடு முழுக்க மௌனம்.

மார்ச் 30, ஞாயிறு

அம்மா போன். "ஸ்கூல் முடிஞ்சதும் இங்கேயே வந்துடு. உனக்குன்னு ரூம் ஒதுக்கியிருக்கேன். ஜன்னலைத் தொறந்தா மலை தெரியும்."

"அப்பா?"

"கேட்டேன்டா. 'அவ இஷ்டம்'னார்."

அவ இஷ்டம். இரண்டே வார்த்தை. ஒரு பசு விற்றதைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அதிசயம்! அப்பா என்னிடம் ஓர் உதவி கேட்டார்.

பனி உருகி ரோடெல்லாம் சேறு. வண்டிகள் அச்சுவரை புதைகிற காலம். அப்பாவுக்கு விடியலிலிருந்து வேலை. ஊர் அலுவலகமோ செவ்வாயும் வியாழனும் மட்டும்தான் திறக்கும். "ஸ்கூல் விட்டதும் போய்ப் பாக்கறியா பெல்? பழைய ஊர்க்கூட்டக் குறிப்பெல்லாம் கீழ இரும்பு அறையில இருக்கு. 1765லேருந்து தேடு. பிரிண்டில்னு எங்க வந்தாலும்."

போனேன். எழுத்தர் டாட் ஃபெரிஸ் எலுமிச்சை மிட்டாயை மென்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான போன வருஷம் கொடிமரத்துல ப்ரின்ஸிபால் கோட்டை ஏத்தினவ?"

"காத்துல பறந்து போய் மாட்டிக்கிச்சு மேடம்."

"பட்டனெல்லாம் போட்டுக்கிட்டா பறந்துச்சு? கையைக் கழுவு. மிட்டாய் ஒட்டின கையோட தொடாத. அது என் கை மட்டும் பண்ணலாம்."

இரண்டு மணி நேரத்தில் நான்கு பக்கம். காக்கா கால்தடம் மாதிரி கையெழுத்து. பிரிண்டில் யாரும் இல்லை. வீட்டுக்கு வந்தபோது அப்பா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"கிடைச்சுதா?"

"இல்லப்பா. ஆனா ஒருத்தர் வாத்தெல்லாம் தேவாலயத்துக்குள்ள புகுந்து, பிரசங்கம் நின்னு போச்சாம். ஊர்க்கூட்டத்துல அரை நாள் அதைப் பத்திதான் பேச்சு."

"எந்த வீட்டு வாத்து?"

சொன்னேன். அந்த வீடு எந்தப் பக்கம், இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். பீன்ஸ் ஆறிப் போயிற்று. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

"கிடைச்சுதா?" இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் பேசினோம். நான் வீட்டுக்கு வருவதற்கு ஒருவர் காத்திருக்கிறார் என்பது எப்படி இருக்கும் என்று மறந்தே போயிருந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

கிடைத்துவிட்டது.

1771, பிப்ரவரி. நான்கு முறை படித்தேன். "புதிதாக வந்துள்ள சைலஸ் பிரிண்டில், அவன் மனைவி பேஷன்ஸ், மகள் மெஹிட்டபெல் ஆகியோர் பதினான்கு நாளுக்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டுமென்று கான்ஸ்டபிள் நேரில் சொல்லி வந்தார்."

என் பெயர். ஊரை விட்டுப் போ என்று, என் பெயரோடு. கடும் பனிக்காலத்தில், குழந்தையோடு. பக்கத்தில் யாரும் இல்லாத அந்த அறையில் எனக்குக் குளிர் எடுத்தது.

டாட் எட்டிப் பார்த்தார். "என்ன, பேயைப் பாத்த மாதிரி உக்காந்திருக்க?"

"எங்களைத் தொரத்தியிருக்காங்க."

"ஓ, அதுவா? எல்லாரையும்தான் தொரத்தினாங்க. புதுசா வந்தவங்ககிட்ட போன்னு ஒரு தடவை சொல்லி எழுதி வெச்சுட்டா, நாளைக்கு அவங்க நொடிஞ்சு போனா கஞ்சி ஊத்தற பொறுப்பு ஊருக்கு இல்ல. அதுக்காகத்தான். சொல்லுவாங்க. பாதிப் பேரு போகமாட்டாங்க. புரட்டு, புரட்டு."

புரட்டினேன். 1773, மார்ச். ஊர்க்கூட்டத்தில் சைலஸ் பிரிண்டிலைப் பன்றி மணியமாகத் தேர்ந்தெடுத்தார்கள்! ஊரில் அலையும் பன்றிகளைப் பிடித்து அடைக்கிற பதவி. புதுசாக வந்தவன் தலையில் இதைக் கட்டிச் சிரிப்பது அந்தக் கால ஊர்க்காரர்களின் குறும்பாம். போ என்றவர்களே இரண்டு வருடத்தில் பன்றி பிடிக்க வைத்துவிட்டார்கள்.

ஆக, சைலஸ் 1771ல் வந்தார், 1773லும் இருந்தார். ஆதாரம் கையில். அப்பாவுக்கு வண்டியில் இடம்.

அப்பா மேஜையில் காத்திருந்தார். "கிடைச்சுதா?"

"இல்லப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? — தெரியும். எழுத வெட்கமாக இருக்கிறது.

மே 6, செவ்வாய்

"இல்லப்பா." இன்று அவருக்கு ஒரு வேலிச் சண்டைக் கதை கொண்டு வந்தேன். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். இந்த மாதிரி இன்னும் இரண்டு மூன்று சாயங்காலம். பிறகு சொல்லிவிடுவேன். சங்கத்தில் மனு கொடுக்கக் கடைசி நாள் பதினைந்து. அன்றைக்கு டாட்டிடம் முத்திரை வைத்த நகல் வாங்கி அப்பா தட்டின் கீழே ஒளித்து வைப்பேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தூக்குவார். என் வாழ்நாளின் மிகச் சிறந்த குறும்பு அதுதான்.

மே 15, வியாழன்

ஊர் அலுவலகம் பூட்டியிருந்தது. கதவில் சீட்டு: "மகளுக்குப் பிரசவ வலி. செவ்வாய்க்கிழமை வாங்க. டாட்."

லேத்ரப் அம்மாள் வீட்டுக்கு ஓடினேன். அவர்தான் சங்கத்துச் செயலர். முத்திரை இல்லாமல் வாங்க முடியாது என்றார். நாளைக்கு? நாளைக்கு வாங்க முடியாது என்றார். அழுதுகூடப் பார்த்தேன். நிஜமான அழுகைதான், ஆனால் என்னை அவர் நம்பவில்லை. யார் நம்புவார்கள்?

வீட்டில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "மூணு வாரமா? மூணு வாரமா கையில வெச்சுக்கிட்டா 'இல்லப்பா, இல்லப்பா'ன்னே? இதுவும் உன் வெளையாட்டா?"

"வெளையாட்டு இல்லப்பா."

"பின்ன என்ன?"

"கிடைச்சுதுன்னு சொன்னா நீ திரும்ப உன் காகிதத்துக்குள்ள போயிடுவே! கிடைக்கலைன்னாதான் எனக்காக உக்காந்திருக்கே. நான் டூசான் போறதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா நீ? அவ இஷ்டமாம்! கான்ஸ்டபிளாவது வீட்டு வாசலுக்கு வந்து போன்னு சொன்னான். நீ போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல!"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்:

"உங்கம்மாகிட்ட சொன்னேன் பெல். போகாதேன்னு. கார்க் கதவைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். நின்னாளா?"

வெளியே போய் லாரியில் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவே இல்லை.

மே 16, வெள்ளி

இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இது வேறு மாதிரிப் பேசாமை.

மே 20, செவ்வாய்

அப்பா அரை நாள் லீவு போட்டார். "அந்தப் பக்கத்தைக் காட்டு" என்றார். கையை இரண்டு முறை கழுவிக்கொண்டு வந்தார், டாட் சொல்லாமலே.

1771ஐ அவர் தொடாமல், விரலை அதன் மேலே காற்றில் நகர்த்திப் படித்தார். மெஹிட்டபெல் என்ற இடத்தில் விரல் நின்றது. "குழந்தைக்கு என்ன வயசு இருந்திருக்கும்..." என்று மட்டும் சொன்னார். பிறகு 1773ஐக் காட்டினேன்.

"பன்றியா?"

"பன்றிதாம்பா. பதவி."

மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். டாட் மேலேயிருந்து, "அங்க என்ன கூத்து? எனக்குப் பேரன் பொறந்திருக்கான், அவன்கூட இவ்வளவு சத்தம் போடல!" என்று கத்தினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லேத்ரப் அம்மாளைக் கடையில் பார்த்தோம். "வருத்தப்படாதீங்க வெண்டல். ஊரோட முந்நூறாவது வருஷத்துக்குச் சேத்துக்கலாம். நாப்பது வருஷம்தான?" என்றார் அப்பாவிடம். அப்பா தொப்பியைத் தொட்டுவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன், லாரியில். "ம்" என்றார். அதில் முள் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், லீவுக்கு மட்டும் வருகிறேன் என்று.

"அப்பா இருன்னு கேட்டாரா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன்டா?"

"அவர் உன்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கார். அது போதும்னு நினைச்சுட்டார் போல."

அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுதாளோ? ஜோனா போனைப் பிடுங்கி, அவன் பிடித்த பல்லியைப் பற்றிச் சொன்னான். அம்மாவுக்கும் ஒரு மேஜை இருக்கிறது, அதிலும் ஓர் ஆள் குறைகிறது. இதை நான் யோசித்ததே இல்லை.

டிக்கெட் வந்துவிட்டது. போவது ஜூன் 23, திரும்புவது ஆகஸ்ட் 20. அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டினார்.

ஜூன் 21, சனி

ஊர்வலம். முதல் வண்டியில் லேத்ரப் அம்மாள் வெள்ளைத் தொப்பியோடு கையசைத்தார். அதன் பின்னால் பாண்டு வாத்தியம், தீயணைப்பு வண்டி, பள்ளிப் பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஊர் லாரி. அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில். குதிரைகள் போட்டதை அள்ளுவது எங்கள் வேலை. நான் இறங்கி அள்ளும்போதெல்லாம் கூட்டம் கைதட்டியது. குனிந்து வணக்கம் வைத்தேன். என் கிளாஸ் பையன் ஒருவன் "இதுதான் உனக்கு ஏத்த சீட்டு பெல்!" என்று கத்தினான். மண்வாரியைத் தூக்கிக் காட்டினேன், ஓடினான்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஊர்வலம் கொஞ்ச நேரம் நின்றது. அப்பா ஸ்டீயரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லை.

"திரும்பி வர்றது இருபதாம் தேதியா?"

"ஆமா. புதன்கிழமை."

"புதன்கிழமை எனக்கு வேலை இருக்கு." துடைத்தார். "பத்தொன்பதாம் தேதி வாயேன்."

"செவ்வாய்க்கிழமையும் உனக்கு வேலைதானப்பா?"

யோசித்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"ஆமா. ஒரு நாள் முன்னாடின்னு சொல்றேன்."

முன்னால் பாண்டு மறுபடி ஆரம்பித்தது. அவர் கியரைப் போட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.