பாம்புப் பாவாடை கட்டிய தாய்

அன்புள்ள அத்தைக்கு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து அஞ்சலை கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? பக்கத்து வீட்டுத் தமிழினி இதைச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும்.

நேற்று எங்கள் பூக்கடைக்கு மெக்சிகோக்காரி ஒருத்தி வந்து ஒரு கூடை செண்டுமல்லி வாங்கினாள். செத்தவர்களுக்கு அந்தப் பூ வைத்துத்தான் அவர்கள் ஊரில் படைப்பார்களாம். முதலாளியம்மா உஷாராணி இங்கிலீஷில் கேட்டுச் சொன்னார். அஸ்டெக் என்ற அவர்களுடைய பழைய ஜனம் கும்பிட்ட தாயை அந்த மெக்சிகோக்காரி தன் போனில் காட்டினாள். பாம்புகளே பாவாடை, கழுத்தில் மண்டையோடு. நம் அங்காளம்மனேதான் அத்தை! தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். விரல் பட்டுப் படம் நகர்ந்தது தெரியாமல் கன்னத்திலும் போட்டுக்கொண்டேன்.

"ஐயோ அக்கா, அது சாமி இல்ல லா! அவங்க புருஷன், கடல்ல குளிக்கிறாரு!" என்றார் முதலாளியம்மா.

அந்த அரைக்கால் சட்டைக்காரருக்குத்தான் இந்த வருடம் பூவாம். எங்களைவிட அவள்தான் அதிகம் சிரித்தாள். "அவரும் கேட்டா சிரிச்சிருப்பாரு" என்றாளாம். உங்கள் மகன் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது நேற்றுத்தான்.

அத்தை, அவரைக் கொண்டுபோய்விட்டாளே என்று அம்மன் மேல் கோபப்பட்டு நீங்கள் பெட்டியில் கவிழ்த்து வைத்த அவர் படத்தை வெளியே எடுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் அவருக்குப் படையுங்கள். எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள், மாலை போட்டது வேண்டாம், டிராக்டர் மேல் சிரிப்பாரே அது. என் அறைச் சுவரில் ஒன்றுமே இல்லை.

பூ லோரி வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைத்துவிட்டு நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கள், அத்தை.

அஞ்சலை