பூங்கா போர்டின் கடைசி வரி

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதறது. இங்கே உங்கப்பா, நான், உன் அண்ணன் மூணு பேரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு நல்லபடியா இருக்கோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கேன்னு நம்பித்தான் எழுதறேன், சண்டைக்கு ஆள் இல்லாததுதான் அங்கே உனக்குக் குறை. இதைப் போன்லயே சொல்லலாம், ஆனா பாதியில மீட்டிங்மான்னு வச்சிடுவே, இது பாதியில வைக்கிற சமாச்சாரம் இல்லடி. தையல் மெஷினை மூடி அது மேலயே பேப்பரை வச்சு எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா கண்டுக்காதே.

நம்ம தெருக்கோடியில ஏரிக்கரைப் பூங்கா இருக்கே, அது வாசல்ல புதுசா போர்டு வச்சிருக்காங்க. பூங்கா, மைதானம், கடற்கரைன்னு ஜனம் நடமாடற இடத்துல எல்லாம் ட்ரோனை எங்கேயிருந்து ஏத்தலாம், எங்கே இறக்கலாம்னு உங்க ஆபீஸ்ல உட்கார்ந்து நீ விதி எழுதினியே, அதேதான். உங்கப்பாவுக்குத் தலைகால் புரியல. வாக்கிங்னு சொல்லிட்டுப் போய் தினம் அது முன்னாடி நிக்கிறார், போறவங்க வர்றவங்களை எல்லாம் பிடிச்சு நிறுத்திப் படிக்க வைக்கிறார், முழங்கால் வலி எங்கே போச்சோ தெரியல. உன் அண்ணனுக்கு மட்டும் அந்தப் போர்டைக் கண்டாலே ஆகல. காரணம் என்னன்னா, படகுப் போட்டியை மேலேயிருந்து படம் பிடிக்கச் சொல்லி படகு கிளப்காரங்க அவனைக் கூப்பிட்டிருந்தாங்க. ஸ்டூடியோ வேலையை விட்டுட்டுத் தனியா நின்னதுக்கப்புறம் வந்த முதல் பெரிய வேலை, இது நல்லா அமைஞ்சா வருஷம் பூரா அவங்க போட்டி எல்லாம் இவனுக்குத்தான். ட்ரோன் ஓட்ட அவன்கிட்ட லைசென்ஸ் இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனா பூங்காவுக்குள்ள வச்சு ஏத்தி இறக்கணும்னா ஒரு வாரம் முன்னாடியே எழுதிக் கேக்கணும்னு போட்டிருக்கியே, துரை எப்பப் போய் கேட்டார்னு நெனைக்கிறே, போட்டிக்கு முந்தின நாள்! பரீட்சைக்குப் பேனா வாங்கப் போறதுகூட அவன் மணி அடிக்கும்போதுதானே. பூங்கா ஆபீசரம்மா மரியாதையாத்தான் முடியாதுன்னு சொன்னாங்களாம். வீட்டுக்கு வந்து ஒரே குதி, கேமராவைக் கையால தொட்டிருந்தா இப்படி எழுதுவாளா, கூடப் பொறந்தவன் வயித்துலயே அடிச்சுட்டாளேன்னு. கொஞ்சம் ஆறினதும் பூனை மாதிரி என் பக்கத்துல வந்து உட்கார்ந்து, தங்கச்சிகிட்டச் சொல்லி அந்த ஆபீசருக்கு ஒரு போன் போடச் சொல்லும்மான்னு குழையறான். எனக்கு வந்துச்சே கோபம், ஊருக்கெல்லாம் ஒரு விதி எழுதினவளையே வீட்டுக்காக அதை மீறச் சொல்றியா, எழுந்து போடான்னுட்டேன். சொல்லிட்டேனே ஒழிய மனசு கேக்கல, பெத்த மனசு இல்லையா.

அப்புறம் நானே போய் அந்தப் போர்டை நிறுத்தி நிதானமாப் படிச்சேன். பூங்கா நிலத்துல ஏத்தாதே இறக்காதேன்னுதான் இருக்கு, மேல பறக்கக் கூடாதுன்னு இல்ல. அப்போ பூங்காவை ஒட்டி ஒரு மொட்டை மாடி கிடைச்சாப் போதுமே! கிடைக்கும்தான், ஆனா யாரு வீட்டு மாடின்னு பாரு, அந்த டீச்சரம்மா வீடு. நான் தைச்ச சட்டையைக் கடைத்தெருவுல விரிச்சுக் காட்டி, தோள் அளவு தப்புன்னு என் மானத்தை வாங்கினாளே அவளேதான். அவ முகத்துல முழிக்கிறதில்லைன்னு நான் இருந்தது உனக்குத் தெரியாததா. எல்லாத்தையும் முழுங்கிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். அவ என்னடான்னா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல, துணி காயுது, கொடியை மட்டும் அவுத்து வச்சுக்கச் சொல்லுங்கன்னுட்டா. கூடவே தோள் பிரிச்சுத் தைக்க ரெண்டு சட்டையும் குடுத்து அனுப்பினா, கொழுப்பைப் பாரு.

போட்டி அன்னிக்குக் காலையில நடைபாதையில ஆள் விலகின நேரமாப் பார்த்து ஏத்தி, ஏரிக்கு மேல கொண்டு போய் ஜோராப் படம் பிடிச்சான். நானும் மாடியில அவன் பக்கத்துலதான் நின்னேன். கடைசிப் படகு வந்து முடியறப்போ எங்கேயிருந்துதான் வந்துச்சோ அப்படி ஒரு காத்து, ட்ரோன் தள்ளாடுது, சார்ஜ் வேற இறங்கிக்கிட்டே வருது. மாடிக்குத் திரும்பணும்னா நடைபாதையைத் தாண்டணும், அதுல எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம், தள்ளுவண்டியில கைக்குழந்தைங்க வேற. கொண்டு வந்துடலாம்டா கிட்டத்தானேன்னு நான் கத்தறேன். அவன் காதுலயே வாங்கல. வேர்த்து விறுவிறுத்துப் போய், அது யாராவது ஒருத்தர் தலைமேல விழுந்துச்சுன்னா என்னம்மா பண்றதுன்னு சொல்லிக்கிட்டே, பூங்கா மூலையில ஆளே இல்லாத முள்ளு வேலியாப் பார்த்து அதுல கொண்டு போய் இறக்கிட்டான். படார்னு ஒரு சத்தம். பார்த்துப் பார்த்து வாங்கினதுடி. ரெண்டு பேரும் கீழே ஓடினோம்.

எங்களுக்கு முன்னாடியே காவல்காரர் விசிலை ஊதிக்கிட்டு வந்து நிக்கிறார். இறக்கைங்க ஒடிஞ்சு தொங்குது, நல்லவேளை படம் எல்லாம் பத்திரம். உன் அண்ணன் அவரைக் கூட்டிக்கிட்டுப் போய் போர்டு முன்னாடி நிறுத்தி, கடைசி வரியைக் காட்டினான். ஆபத்து என்றால் எங்கும் இறக்கலாம், ஆள் இல்லாத இடமாகப் பாருங்கள், கருவி உடைந்தாலும் பரவாயில்லை. இந்த வரி வேண்டாம்னு உங்க மேலதிகாரி சொன்னதுக்கு நீ மல்லுக்கட்டி நின்னேன்னு சொன்னியே, அந்த வரிதான். காவல்காரர் எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டுச் சிரிச்சுட்டார். எத்தனையோ போர்டுக்குக் காவல் இருந்திருக்கேன், கூடாது, மீறினால் அபராதம், இதைத்தான் பார்த்திருக்கேன், சர்க்கார் போர்டு பரவாயில்லைன்னு சொல்லிப் பார்த்ததே இல்ல, யாருப்பா இதை எழுதினதுன்னு கேட்டார். முதல் நாள் உன்னை அந்தத் திட்டு திட்டினவன், ஒடிஞ்ச ட்ரோனைக் கையில வச்சுக்கிட்டு, நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்றான், என் தங்கச்சி எழுதினதுங்கன்னு. எழுதினவளும் என் பிள்ளை, எழுதின மாதிரி நடந்தவனும் என் பிள்ளை, இதுக்கு மேல எனக்கு என்ன வேணும் சொல்லு.

கிளப்காரங்களுக்குப் படம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு, வருஷம் பூரா இவனையே வரச் சொல்லிட்டாங்க. ட்ரோனை ரிப்பேருக்குக் குடுத்திருக்கு. வெளியே காட்டிக்கலேன்னாலும் உள்ளுக்குள்ள அவனுக்கு அது வருத்தம்தான், சாப்பிடறப்பவே தெரியுது. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும், எடுத்த காரியம் எல்லாம் உங்களுக்குக் கைகூடணும். தலைக்குக் குளிச்சா ஈரத்தோட ஆபீசுக்கு ஓடாதே. ஞாயித்துக்கிழமை அண்ணனுக்கு நீயே போன் பண்ணு, நான் எழுதினேன்னு மட்டும் மூச்சு விடாதே. ட்ரோன் உடைஞ்ச பேச்சு வந்துச்சுன்னா, போர்டுல எழுதினியே அந்தக் கடைசி வார்த்தை, அதை உன் வாயால ஒரு தடவை அவனுக்குச் சொல்லும்மா.

உன்னை நெனச்சுப் பூரிச்சுப் போயிருக்கிற
அம்மா