இங்கிலீஷ் கொச்சைக்கு அர்த்தம் கேட்டவளுக்கு

இன்று காலை நல்லவாட்டிலிருந்து வரும் மீன்கார அக்கா எங்கள் வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். வயிற்றைக் கீறி, விரலை உள்ளே விட்டு, குடலை ஒரே இழுப்பில் எடுத்துப் போட்டார். கவுச்சி முகத்தில் அடித்தது. "கட்டட்" என்று என் வாய் தானாகச் சொன்னது. "இன்னாமா?" என்றார் அக்கா. ஒன்றுமில்லை என்று சொல்லி மீனை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். குழம்பு வைத்து இறக்கிய பிறகும் நீ மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வார்த்தையை எனக்குச் சொன்னவள் நீ. "கட்டட்னா மனசு ஒடைஞ்சு போறதுடி. மீனுக்குக் கொடல உருவறாங்க பாரு, அப்பறம் உள்ள ஒண்ணும் இருக்காதுல்ல, அந்த மாதிரி" என்று கம்பெனி வேனில் சொன்னாய். சோரியாங்குப்பத்தில் ஏறி, பாகூரில் ஏறும் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருப்பாய். உன் அம்மாவும் அப்பாவும் நாற்று நடவும் கரும்பு வெட்டவும் போனவர்கள். நான் இரும்புக்கடை வீட்டு மருமகள். வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதற்கே மாமியார் பல நாள் என்னோடு பேசவில்லை. அந்த வேலை இல்லாவிட்டால் நீ எங்கள் கடைக்கு ஆணி வாங்க வந்து போயிருப்பாய். நான் உன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டேன்.

புதுச்சேரி போகும் வழியில் இருந்த அந்த அலுவலகத்தில், இங்கிலாந்துக்காரர்களின் செல்போன் புகார்களுக்குக் கம்ப்யூட்டரில் சாட் வழியாகப் பதில் எழுதினோம். திரையில் என் பெயர் எம்மா, உன் பெயர் கேட். படித்த இங்கிலீஷ் போதும் என்று நினைத்துப் போன எனக்கு முதல் நாளே தலை சுற்றியது. அவர்கள் எழுதியது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பேச்சு. டீம் லீடர் ஒரு சுலபமான வழி சொன்னார்: "புரியாத வார்த்தை வந்தா தாண்டிப் போங்க. நம்பரப் பாருங்க, பிளானப் பாருங்க, முடிங்க." நாங்கள் எல்லாரும் தாண்டிப் போனோம். நீ மட்டும் நின்றாய். "மன்னிக்கணும், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று வாடிக்கையாளரிடமே கேட்டு எழுதுவாய். சண்டை போட வந்தவர்கள்கூட அதற்கு மட்டும் பொறுமையாகப் பதில் எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படி வந்தவைதான் எல்லாம். நாக்கர்ட் என்றால் களைத்துப் போவது. உழைத்து ஓய்ந்த குதிரையை வாங்கி அறுக்கிறவனுக்கு அங்கே நாக்கர் என்று பெயராம். "எங்கப்பா தெனமும் அப்படித்தான்டி வூட்டுக்கு வருவாரு" என்றாய். ஸ்கின்ட் என்றால் தோலுரிக்கப்பட்டவன், அதாவது கையில் ஒன்றுமில்லாதவன். டெக்கோ என்றால் ஒரு பார்வை. இங்கே இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்தி 'தேக்கோ'வை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நன்றி சொல்ல அவர்கள் எழுதும் சியர்ஸ், முகத்தைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாம். "அப்ப அது பாண்டிச்சேரிக்கு ஒறவுமொறைதான்" என்று வேனே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய்.

அந்தப் பெரியவர் வந்தது என் திரையில். மனைவி இறந்துவிட்டார், இணைப்பு அவர் பெயரில் இருந்ததால் கம்பெனி அதைத் துண்டித்துவிட்டது, பழைய எண்ணே வேண்டும் என்று கேட்டார். அது முடியாது, புது எண் வாங்கிக்கொள்ளலாம் என்று நமக்கு எழுதிக்கொடுத்திருந்த பதிலை அனுப்பினேன். இனி எதற்கு, பேசாமல் 'டாப் மைசெல்ஃப்' செய்துகொள்ளலாம் என்று எழுதினார். டாப் அப் என்றால் ரீசார்ஜ். நாள் முழுக்க நாம் எழுதும் வார்த்தை. தானே ரீசார்ஜ் செய்துகொள்கிறேன் என்கிறார் போல என்றுதான் எனக்குப் பட்டது. லிங்க் அனுப்பட்டுமா என்று உன்னைக் கேட்டேன்.

எட்டிப் பார்த்தாய். "எழுந்திருடி" என்று சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தாய்.

"இன்னாடி ஆச்சு?"

"டாப்னா தூக்குல போடறதுடி. பழைய காலத்துத் திருட்டுப் பசங்க பேச்சு. நானே செத்துப்போறேன்னு சொல்றாரு."

நீங்கள் சாவதைப் பற்றியா சொல்கிறீர்கள் என்று நேராகவே அடித்தாய். நான் உன் கையைப் பிடித்தேன். "அப்படிக் கேக்காதடி. இல்லாத நெனப்ப நாமளே குடுத்த மாதிரி ஆயிடும்."

"கேட்டா சொல்லுவாரு. கேக்கலன்னா யாருகிட்ட போய்ச் சொல்லுவாரு?"

கையை விடுவித்துக்கொண்டு அதை அனுப்பினாய். ஆமாம் என்று பதில் வந்தது.

அதற்குள் டீம் லீடர் வந்துவிட்டார். "டாப் அப்பத்தான் சொல்றாரும்மா. சாட்ட முடி." நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தப்பா இருந்தா என் வேலைய எடுத்துக்கங்க சார். இப்ப இங்கிலாந்து ஆபீசுக்குப் போன் பண்ணுங்க. அட்ரஸ் இதோ கீது." அவர் குனிந்து இன்னொரு முறை படித்தார். பிறகு போனை நோக்கி ஓடினார்.

உதவிக்கு யாராவது அவர் வீட்டுக்கு வரும் வரை அவரைப் பேச வைக்க வேண்டும். ஆறுதல் என்று நீ எதுவும் எழுதவில்லை. 'மார்டி' என்று அவர் எங்கோ எழுதியிருந்ததை எடுத்து, அதற்கு என்ன அர்த்தம் என்றாய். தொட்டதற்கெல்லாம் சிணுங்குகிறவன், செல்லத்தில் கெட்டுப்போன பிள்ளை என்றார். காலையில் எழுந்ததும் மனைவி அவரை அப்படித்தான் கூப்பிடுவாராம். 'நெஷ்' என்றால் குளிர் தாங்காதவர். மனைவி அப்படி, மே மாதத்திலும் கம்பளி போட்டுக்கொள்வார் என்று எழுதினார். உன் பெயர் நிஜமாகவே எம்மாதானா என்று அவர் கேட்டபோது உன் சொந்தப் பெயரையும் ஊரையும் சொன்னாய். விதிப்படி அது கூடாது. மார்டிக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்றார். உம்மணாமூஞ்சி என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினாய். அவர் அதைத் தப்பும் தவறுமாகத் திருப்பி அடித்தார்.

பிறகு, வாசலில் ஒரு பாபி நிற்கிறான், போய் வருகிறேன் டக் என்று எழுதினார்.

"யாருடி பாபி? மவனா?" என்றேன்.

"போலீஸ்டி" என்றாய். டக் என்றால் வாத்து இல்லை, அவர் ஊரில் அன்பாகக் கூப்பிடுவது என்பதை நீ வேனில் சொன்னாய். தங்கை வீட்டுக்கு அவரை அழைத்துப் போய்விட்டார்கள் என்று அங்கிருந்து தகவல் வந்தது. அதற்கு மேல் நமக்குத் தெரியாது.

நான் கடையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டேன். நீ புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு உயர்ந்தாய். பிறகு உனக்குப் புற்றுநோய் வந்தது.

ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு டாக்டர் உன் அண்ணனிடம், "இனிமே இவங்கள கம்ஃபர்டபிளா வெச்சிக்கலாம்" என்றார். படுத்தபடியே நீ கேட்டாய்: "கம்ஃபர்டபிள்னா இன்னா டாக்டர்?"

"வலி இல்லாம, நிம்மதியா..."

"வார்த்த எனக்குத் தெரியும். நீங்க இன்னா சொல்றீங்கன்னு கேக்கறேன்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இனி வைத்தியம் பலிக்காது என்று தெளிவாகச் சொன்னார். உன் அண்ணன் வெளியே போய் அழுதார். நீ நன்றி சொன்னாய். அவர் போன பிறகு, "இப்பதான்டி இவங்க மூஞ்சப் பாத்துப் பாத்துக் கணக்குப் போடறது நின்னுச்சு" என்றாய். வீட்டுக்குப் போகிறேன் என்று நீயே முடிவு செய்தாய். உன் வீட்டிலேயே, உன் அம்மா பக்கத்தில் இருக்கும்போது போய்விட்டாய்.

சென்ற மாதம், சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள், 'ஐ ஆம் குக்ட்' என்று அனுப்பியிருந்தாள். பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை. கதை முடிந்தது, மாட்டிக்கொண்டேன் என்பதற்கு இந்தக் காலப் பிள்ளைகள் சொல்வது அது. "பரீட்சையச் சொல்றா, வுடு" என்றார் என் கணவர். நான் போன் செய்தேன்.

"குக்ட்னா இன்னாடி?"

"ஐயோ அம்மா, அது ஸ்லாங். எல்லாரும் சொல்றதுதான்."

"எல்லாரும் சொல்லட்டும். நீ எந்த அர்த்தத்துல சொன்ன?"

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் போனை வைக்கவில்லை.

"கொஞ்சம் வரியாம்மா?" என்றாள்.

கடையை அவரிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அவள் பரீட்சையை மட்டும் சொல்லவில்லை. இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், மெல்ல மெல்ல மனசு விட்டுப் பேசுகிறாள். பேச்சுக்கு நடுவில் ஏதாவது ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், கேட்பேனா என்று. கேட்கிறேன்.