நன்றித் திருப்பலி

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

தையல் ஆறிவருகிறதா?

வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்து இங்கே வளைகுடாவில் ருவைஸ் கோவிலுக்குப் போனேன். உன் பிரசவத்துக்காக முன்கூட்டியே நன்றித் திருப்பலி கேட்டிருந்தேன். பிள்ளை தங்கவில்லை என்பதை ஃபாதரிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவர் நம் பெயர்களை வாசித்து, தாயும் சேயும் நலமாக இருப்பதற்காக இந்தத் திருப்பலி என்றார்.

"ஏலே, ஃபாதர்ட்ட சொல்லிட்டு வரட்டா?" என்று ரூமில் கூட இருக்கும் அருள்ராஜ் பக்கத்திலிருந்து கேட்டான். வேண்டாம் என்றேன்.

"ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்" என்று ஃபாதர் அழைத்ததும், "அது தகுதியும் நீதியும் ஆனதே" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நீ ஐசியூவில் கண் விழித்துவிட்டாய் என்று அத்தை போன் செய்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அதற்குள் ஜெபம் வெகுதூரம் போயிருந்தது. நான் மட்டும் பிந்தி, மெதுவாக, அதே பதிலைச் சொன்னேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் வீட்டுக்காரன்