சீனிக்குப் பார்த்த இடம்

ஜூன் 8, ஞாயிறு

எங்கள் மண்ணரையில் தண்ணீர் வராத நாள் உண்டு, என் வீட்டுக்கு ஊர்வம்பு வராத நாள் இல்லை. இன்று காலையிலேயே வேல்விழி வந்தாள், சீனியையும் இழுத்துக்கொண்டு. சீனி லேப்ரடார், பெட்டை, மூணு வயசு. கம்பெனி மேனேஜர் ஊர் மாறியபோது விட்டுப்போன நாய். வேல்விழியும் அவள் புருசன் பாண்டித்துரையும் தெற்கே இருந்து பனியன் தைக்க வந்தவர்கள். தாங்கள் ரேஷன் அரிசி தின்றுகொண்டு அதற்குக் கோழி வாங்கிப் போட்டு வளர்த்தார்கள். இப்போது கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது. அங்கே நாய் கூடாதாம்.

"அக்கா, நீங்கதான் ஒரு நல்ல எடமாப் பாத்துச் சொல்லணும்."

வேறு யாரிடம் போவாள்? பகலில் எனக்குப் பனியன் செக்கிங், மிச்ச நேரமெல்லாம் கல்யாணத் தரகு. கமிஷன் வாங்குவதில்லை, பந்தியில் முதல் இலையும் பேச ஆளும் போதும். நிச்சயம் ரெண்டு தடவை முறிந்தவனுக்கே பெண் பிடித்த கருத்தம்மாவுக்கு ஒரு நாய் எம்மாத்திரம்! வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போட்டேன்: "பொன்னிறம், சாந்த குணம், சீர் செனத்தி ஏதும் எதிர்பார்க்காத பெண்ணுக்கு நல்ல இடம் தேவை."

ஜூன் 11

செங்கோட்டையன் என்று ஒருத்தர் பேசினார். அவிநாசிபாளையமாம். அப்படியொரு மரியாதை, மூச்சுக்கு ரெண்டு 'ங்க'. "தோட்டத்து ஊடுங்க. ஓடி வெளையாட எடம் கெடக்குதுங்க." புல்தரை, ஊஞ்சல் எல்லாம் போட்டோவில் வந்தது. அவர் கேட்டது ஒன்றுதான். "குட்டி போடாம இருக்க ஆபரேசன் ஏதாச்சும் பண்ணியிருக்குதுங்களா?"

"இல்லீங்க, கட்டிக்குடுக்கற பொண்ணாட்டமே வெச்சிருக்கறோமுங்க."

அவர் சிரித்தார். இதையே செக்கிங் டேபிளில் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தேன்.

ஜூன் 15

வேன் வந்தது. சீனி ஏற மாட்டேன் என்று காலைப் பரப்பிக்கொண்டது. வேல்விழி தன் பழைய நைட்டியை உள்ளே விரித்த பிறகுதான் ஏறியது. பாண்டித்துரை போனில் எதையோ மும்முரமாகத் தேடுகிறவன்போல் நின்றான். திரை அணைந்திருந்தது.

செங்கோட்டையன் ஒரு பெட்டி மைசூர்பாக்கு கொடுத்தார். வேல்விழி தொடவில்லை. சும்மா விடுவேனா.

ஜூலை 6

பேர் பரவிவிட்டது. டீச்சரம்மா வீட்டுப் பொமரேனியன், காதர்பேட்டைக் கடைக்காரர் ஒருத்தர் வீட்டுப் பக் - ரெண்டையும் அதே இடத்துக்குத் தள்ளிவிட்டேன். ஆண் நாய் ஒன்று இருக்கிறது என்றதற்கு, "ஆணு வேண்டாங்கக்கா, பெட்டைன்னாச் சொல்லுங்க" என்றார் செங்கோட்டையன்.

வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்: "பொம்பளைப் புள்ளைதான் வேணும்னு கேக்கற மனுசன் இந்த ஜில்லாவுல ஒருத்தராச்சும் இருக்கறாரு பாருங்க."

ஆகஸ்ட் 17

வேல்விழி போட்டோ கேட்டுக்கொண்டே இருக்கிறாள். செங்கோட்டையனைக் கேட்டால் "நல்லாருக்குதுங்கக்கா" என்பதோடு சரி. பழைய ஊஞ்சல் போட்டோவையே அனுப்பி, "சீனி இதுக்கடியிலதான் தூங்கறாளாம்" என்று எழுதினேன். குடிகார மாப்பிள்ளையை 'நாலு பேரோட கலந்து பழகற பையன்' என்று சொன்ன வாய்தானே இது.

அக்டோபர் 26, ஞாயிறு

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

எங்கள் செக்கிங் டேபிள் ஜோதிகாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க அவிநாசிபாளையம் போனோம். வீடு பார்ப்பதில் நான் கெட்டிக்காரி. சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வருகிறவள் இல்லை. அடுப்படி, கிணறு, கொல்லைக் கக்கூஸ் வரைக்கும் எட்டிப் பார்ப்பேன். அப்படிக் கொல்லைக்குப் போனபோதுதான் நாற்றம். சுவருக்கு அந்தப்பக்கம் குரைப்பு - ஒன்று ரெண்டு இல்லை.

"நாய்ப் பண்ணைங்க. பழைய தறிக் கொட்டாய்" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். வாசலில் சீனியை ஏற்றிப்போன அதே வேன்.

தோட்டமும் இல்லை ஊஞ்சலும் இல்லை. கம்பிக் கூண்டு, அதன்மேல் கூண்டு. அடியில் நாங்கள் வெட்டித் தள்ளுகிற பனியன் வேஸ்ட், ஈரத்தோடு. ஒரு கூண்டில் மடி தொங்கி, முதுகில் முடி கொட்டி, குட்டிகள் மொய்க்க ஒரு நாய். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதுக்குத் தெரிஞ்சுது. வாலை ஆட்டுச்சு. ஏன் சாமி ஆட்டுனே? கடிச்சிருக்கலாமே!

"வாங்கக்கா! டீ சாப்புடுங்க" என்று வந்தார் செங்கோட்டையன். மனுசனிடம் ஒளிவுமறைவே இல்லை.

"இத்தனையும் எங்க புடிச்சீங்க?"

"புடிக்கறதாவதுங்க! திருட்டு நாய் நான் தொடறதில்லீங்க. வேற பண்ணையை மூடுனா கொஞ்சம் வரும். மத்ததெல்லாம் ஊடு மாத்தறவங்க, வெளிநாடு போறவங்க, உங்களாட்டம் நல்லவங்க தேடிக் குடுக்கறதுங்க. போட்டோ கேப்பாங்க. நேர்ல ஒருத்தரும் வர்றதில்லீங்க. அந்த ஊஞ்சல் எங்க மச்சான் ஊட்டுதுங்க."

சிரித்தார். பழக்க தோஷம், நானும் சிரித்துவிட்டேன்.

"சீனியைக் குடுத்துருங்க" என்றேன், கடையில் பை கேட்கிற குரலில்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது உங்களுக்கே நல்லாருக்குதுங்களா? இப்பத்தானுங்க மொத ஈத்து."

சுவருக்கு அந்தப்பக்கம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். சண்டை போட்டால் சம்பந்தம் கெடும். கையில் கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டு - ஆமாம், குடிச்சேன், மிச்சம் வெக்காம - கிளம்பி வந்தேன்.

அக்டோபர் 27

ஓட்டை விழுந்த பனியனையெல்லாம் பாஸ் பண்ணியிருக்கிறேன். சூப்பர்வைசர் கண்டபடி திட்டினான். யாராவது திட்டினால் நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 2

குவார்ட்டர்ஸ் வாசலில் வேல்விழியிடம் சொல்லிவிட்டேன். ஊஞ்சல் பொய்யையும் சேர்த்து. அழுவாள், கத்துவாள் என்று போனேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஜோதிகாவுக்கு வீடு பாக்கப் போனீங்கல்ல? சீனிக்கு ஏங்க்கா போகல?"

பண்ணைக்கு வழி மட்டும் சொன்னேன்.

பாண்டித்துரை உடனே பைக்கை எடுத்தான். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பண்ணைக் கேட் பூட்டியிருந்தது. வேல்விழி கம்பியைப் பிடித்துக்கொண்டு "சீனீ... சீனீ..." என்று கூப்பிட்டாள். உள்ளே எல்லா நாயும் குரைத்தன. ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். விசாரிப்பதாகச் சொன்னார்கள்.

ஜனவரி 11

இன்னும் விசாரிக்கிறார்கள்.

ஏப்ரல் 9

செங்கோட்டையனே போன் பண்ணினார். அதே மரியாதை.

"அக்கா, சீனிக்குக் குட்டி வயித்துலயே செத்துப்போச்சுங்க. கர்ப்பப்பையை எடுத்தாச்சு. இனி நமக்கு ஆகாதுங்க. உங்க கையால ஒரு நல்ல எடமாப் பாத்துக் குடுத்துருங்க."

மற்ற ரெண்டும்? "அது கைமாறிக் கைமாறிப் போயிருச்சுங்க."

டீச்சரம்மா வீட்டுக்கும் கடைக்காரர் வீட்டுக்கும் நாளைக்கு நேரில் போக வேண்டும்.

ஏப்ரல் 26, ஞாயிறு

சீனி எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் படுத்திருக்கிறது. குவார்ட்டர்ஸ் சட்டம் மாறவில்லை. என்னைப் பார்த்தால் இன்னமும் வாலை ஆட்டுகிறது. அதற்கு மட்டும் ஒரு வழி தெரிந்தால் தேவலை.

வேல்விழி ஞாயிறுதோறும் வருகிறாள். நேராகப் படிக்கடியில் போய் உட்கார்ந்து, அதன் தலையை மடியில் வைத்து உண்ணி எடுக்கிறாள். அந்தப் பழைய நைட்டியைப் போலவே ஒன்று கொண்டுவந்து விரித்திருக்கிறாள். இன்று இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்து, அவள் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

"அடுத்த வாரம் வரேண்டி" என்ற குரல் கேட்டது. சீனியிடம் சொன்னது.

போய்ப் பார்த்தேன். டீ ஆடை கட்டி, வைத்த இடத்திலேயே இருந்தது.