சாலை வரியும் வெள்ளிக்கிழமைச் சவாரியும்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். கையில் ஃபோன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஃபோனில் நான் ஆரம்பித்தால் நடுவிலேயே சமாதானம் சொல்லிவிடுவீர்கள். இந்தத் தடவை நான் முழுவதையும் சொல்லி முடிக்க வேண்டும்.

தையல்கார அக்கா போய்விட்டார். போன சனிக்கிழமை காலையில்.

நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால் திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போவார். வீட்டுக்காரருக்குக் கிடங்கில் காவல் வேலை, விடியும்போதே கிளம்பிவிடுவார். பெட்ரோல் வண்டியின் புகையும் உதறலும் அக்காவுக்கு ஆகாது, பாதி வழியில் வாந்தி வந்துவிடும். அதனால்தான் நான் ஓட்டும் நம் பேட்டரி ஆட்டோ. "உன் வண்டியில உக்காந்தா ஊஞ்சல்ல போற மாதிரி இருக்கும்மா" என்பார். திரும்பும்போது கையில் கட்டோடு அப்படியே தூங்கிப்போவார். பள்ளம் மேடு பார்த்து ஓட்டுவேன்.

வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டணமும் இல்லை, சாலை வரியும் இல்லை என்றார்கள். அந்தத் தைரியத்தில்தான் வாங்கினோம். அந்த மிச்சத்தில்தான் அக்காவிடம் பாதி வாடகை வாங்கினேன். மூன்று வருடம் கழித்து, சலுகை முடிந்தது, பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம், அதோடு வருடா வருடம் சாலை வரி என்று தாள் வந்தது. அதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும்.

ஆட்டோ நிறுத்தத்தில் நான் புலம்பியபோது, பெட்ரோல் ஆட்டோ ஓட்டும் மீசைக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "நாங்க பெட்ரோல் போடுற ஒவ்வொரு தடவையும் ரோட்டுக்கும் சேர்த்துத்தான் அழறோம். நீ மூணு வருஷம் எங்க காசுல போட்ட ரோட்டுல ஓட்டின. இப்ப கேட்டா வலிக்குதா?" என்றார். பதிலுக்கு நானும் கத்தினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. என் சக்கரமும்தானே சாலையைத் தேய்க்கிறது?

ஆனால் வண்டிப் பதிவு அலுவலகத்தில் வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். அவருடைய பேட்டரி கார் யானைக்குட்டி மாதிரி வாசலையே அடைத்துக்கொண்டு நின்றது. அவருக்கும் எனக்கும் ஒரே கட்டணம், ஒரே வரி. அவர் கார்டை நீட்டிவிட்டு ஃபோனில் பேசிக்கொண்டே போய்விட்டார். இது என்னங்க நியாயம் என்று கவுன்டர் அம்மாவிடம் கேட்டேன். "பேட்டரி வண்டின்னா பேட்டரி வண்டிதாம்மா. பெருசு சின்னதுன்னு சட்டத்துல பிரிக்கல. வேணும்னா ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றார். அவர் மேலும் எனக்குக் கோபமில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். வரி வேண்டாம் என்று எழுதவில்லை. வண்டியின் எடைக்குத் தக்கபடி வாங்குங்கள் என்று எழுதினேன்.

அன்றைக்கு ஃபோனில் நீங்கள், அந்த அக்காவிடம் முழு வாடகை கேள் என்றீர்கள். கேட்டேன். அக்கா முகம் கோணவில்லை. "உனக்கும் குடும்பம் இருக்குல்ல" என்றார். மறுவாரம், வெள்ளிக்கிழமை இனி வர வேண்டாம், வாரம் இரண்டு நாள் போதுமென்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றார்.

நம்பினேன் என்று உங்களிடம் எழுதப் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை நேரத்துக்கு வங்கியில் வேலை பார்க்கும் ஒருவரை முழு வாடகைக்குப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் அக்காவின் முகம் உப்பியது. கால் செருப்புக்குள் நுழையவில்லை, வீட்டுக்காரரின் பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். கேட்டதற்கு வெயில் என்றார். படி ஏற என் தோளைப் பிடித்தபோது கை கனத்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாசல் வரை போய்க்கொண்டுதான் இருந்தேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து மூச்சு வாங்கியிருக்கிறது. விடிந்ததும் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருவருமாகத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். முதல் தடவையாக நான் பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

நர்ஸ் வந்து வீட்டுக்காரரைத்தான் கடிந்துகொண்டார். மூணு நாள் வரணும்னு எத்தனை தடவை சொன்னோம், ஏன் அனுப்பல என்று. அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். அவருக்குத் தெரிந்தவரை அக்கா மூன்று நாளும் போய்க்கொண்டுதான் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "வெள்ளிக்கிழமையும் நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டார். இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அக்காவின் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை பதிவு அலுவலகத்திலிருந்து இன்னொரு தாள் வந்தது. என்னைப் போல் பலபேர் மனு கொடுத்திருக்கிறார்களாம். அடுத்த வருடத்திலிருந்து எடைக்குத் தக்கபடி வரி, மூன்று சக்கர வண்டிக்குக் கால் பங்குதான். நிறுத்தத்தில் எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "நியாயமாக் கேட்ட, கிடைச்சிருச்சு" என்று மீசைக்காரரே டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். நன்றாகச் சிரிக்கவும் செய்தேன். அப்புறம் வண்டியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு அழுதேன்.

வங்கிக்காரரை இனிமேல் வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் ஓட்ட முடியவில்லை. இது நாள்பட்டால் சரியாகலாம். சரியாகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் தூரத்தில் இருந்து வாடகையைச் சொன்னீர்கள், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்தவள் நான். பாப்பா, அப்பா எப்போ வருவார் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இதைப் படித்ததும் ஃபோன் செய்து, உன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் விடுப்புக் கேட்டுப் புறப்பட்டு வாருங்கள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்களால் சொல்ல முடிகிறதா என்று நானும் உங்கள் முகத்தைப் பார்க்கிறேன்.

உடம்பு பத்திரம்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி